தினார் மொய்

"ஈராக்கு ஏறுது, பையை எடுத்து சீட்டு மேல வை."

கேட்டீங்களா தம்பி? உங்க காதுல விழுந்துச்சா இல்லையா? அதோ, முன் சீட்டுல மடியில பலாப்பழத்தை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கே, அந்தம்மா சொன்னதுதான். பக்கத்துல இருக்கிறவகிட்ட ரகசியமாச் சொல்றதா நினைப்பு. எனக்குக் காது ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. பக்கத்துல நான் உட்கார்ந்துடக் கூடாதாம், அதுக்குப் பையை வச்சு மறிக்கிறா. மறிக்கட்டும். அவ புருசன் என் வீட்டு விருந்துல கறி மூணு தடவை கேட்டு வாங்கித் தின்னவன். நான்தான் வாளியைப் பிடிச்சுக்கிட்டு நின்னு போட்டேன்.

ஈராக்குன்னா நான்தான். சொந்தப் பேரு வைரக்கண்ணு. பேராவூரணிக்குப் பக்கத்துல மேலக்காடு. எங்க ஊர்ல அடுத்தவனுக்குப் பட்டப்பேரு வைக்கிறதுக்குன்னே சில பேரு சோறு திங்கிறாங்க.

நீங்க எந்த ஊரு? நாமக்கல்லா? அப்ப எங்க மொய் உங்களுக்குத் தெரியாது. அது தெரிஞ்சாதான் நான் சொல்றது புரியும். காதுல மாட்டியிருக்கிறதைக் கழட்டுங்க தம்பி. பாட்டு எங்கேயும் ஓடிப் போயிடாது. காலைக் கொஞ்சம் தள்ளி வைங்க, அந்தப் பை மேல படுது. அதுல ஐம்பது லட்சம் இருக்கு.

சிரிக்கிறீங்க. சிரிங்க. ஊரே சிரிச்சு முடிச்சாச்சு, உங்க பங்குக்கு நீங்களும் சிரிங்க.

எங்க பக்கம் ஆடி பொறந்தா மொய் விருந்து. இப்ப ஆனியிலயே ஆரம்பிச்சிடுறாங்க. கல்யாணம் கிடையாது, காதுகுத்து கிடையாது. சும்மா பத்திரிகை அடிச்சு, பந்தல் போட்டு, ஆட்டுக்கறிச் சோறு போட்டு, வர்றவங்ககிட்ட மொய் வாங்குறது. கேவலமா நினைக்காதீங்க. நீங்கள்லாம் பேங்குல போயி கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்கல்ல, அதுக்கு இது எவ்வளவோ மேல். ஒரு குடும்பத்துக்கு அஞ்சு வருசத்துக்கு ஒரு முறை. இன்னிக்கு உங்க விருந்துல நான் ஆயிரம் எழுதினா, என் முறை வரும்போது அந்த ஆயிரத்தோட மேல முடிஞ்சதைச் சேத்து நீங்க எழுதணும். பழசு கழிஞ்சுது, புதுசு ஏறுச்சு. இப்படியே உருண்டுக்கிட்டுப் போகும். இதுல வீடு கட்டினவன் இருக்கான், போர் போட்டவன் இருக்கான், மகளை டாக்டருக்குப் படிக்க வச்சவன் இருக்கான். பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது. திருப்பிச் செய்யாதவன்னு ஒருத்தன் பேரெடுத்தா, அவன் முறைக்குப் பந்தல்ல காக்காதான் வந்து உட்காரும்.

கஜா புயல் கேள்விப்பட்டிருப்பீங்க. நீங்க டிவியில பாத்திருப்பீங்க, நான் அதுக்குள்ள இருந்தேன். விடிஞ்சு கதவைத் தொறந்தா வானம் ரொம்பப் பெருசா இருந்துச்சு. அவ்வளவுதான் சொல்லுவேன். தென்னமரம் பூரா ஒரே பக்கமாத் தலையை வச்சுப் படுத்திருந்துச்சு. என் தோப்பு. அதாவது, விசாலாட்சியோட அப்பா அவளுக்கு எழுதிக் குடுத்தது, பத்திரம் அவ பேர்ல இருக்கு. அதெல்லாம் ஒரு பேச்சுக்கு. தோப்புன்னா வைரக்கண்ணு தோப்புன்னுதான் ஊர்ல சொல்லுவாங்க. விசாலாட்சி என் வீட்டுக்காரி.

அடுத்த ஆடியில எங்க முறை. ஊரே இடிஞ்சு கிடக்கு, எவன் எழுதப் போறான்னு பயந்துகிட்டேதான் பத்திரிகை வச்சேன். ஆனா எழுதினாங்க தம்பி. கூரை பறந்துபோயி தார்ப்பாய்க்குக் கீழே குடியிருந்தவன்கூட வந்து எழுதினான். கறி, அரிசி, பந்தல் செலவு போக எட்டு லட்சம் நின்னுச்சு.

அன்னிக்குச் சாயங்காலமே விசாலாட்சி ஆரம்பிச்சிட்டா. "கன்னு வாங்கிடுவோம். போரை இன்னும் ஆழப்படுத்திடுவோம்."

"கன்னு வச்சா என்னிக்குடி காய்க்கும்?"

"ஆறு வருசம், ஏழு வருசம். ஊரு உலகத்துக்கெல்லாம் எப்பக் காய்க்குதோ அப்ப."

"அதுக்குள்ள மொய்யைத் திருப்பிக் கேப்பானுங்களே?"

"ஒரேயடியாவா கேக்கப் போறாங்க? அவங்கவங்க முறைக்குத்தானே. மாடு இருக்கு, ஊடுபயிரா உளுந்து போடுவோம். கொஞ்சம் கொஞ்சமாச் செஞ்சிடலாம்."

கொஞ்சம் கொஞ்சமா! பொம்பளைங்க புத்தியே அதுதான். எட்டு லட்சத்தை முன்னால வச்சுக்கிட்டு உளுந்தைப் பத்திப் பேசுறா.

அந்த நேரத்துலதான் சேதுராசன். குவைத்துல கிரேன் ஓட்டிட்டு வந்த பய, பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல செல்போன் கடை வச்சிருந்தான். தூரத்துச் சொந்தம், என்னை மாமான்னு கூப்பிடுவான். இந்தக் கதையில எனக்கு அவன் மேல மட்டும்தான் கோவம் கிடையாது. அதை இப்பவே சொல்லிடறேன். மத்த எல்லார் மேலயும் உண்டு.

ரீசார்ஜ் பண்ணப் போனேன். ஒரு நோட்டை எடுத்து மேசை மேல வச்சான். இருபத்தஞ்சாயிரம்னு போட்டிருக்கு தம்பி. ஒரே நோட்டு. நம்ம ஊர்ல ரெண்டாயிரம் நோட்டுக்கே சில்லறை இல்லைன்னு தொரத்தினானுங்க. இது ஒரே நோட்டு, இருபத்தஞ்சாயிரம்.

"ஈராக் தினார் மாமா. இன்னிக்குச் சல்லி விலை. முந்தி ஒரு காலத்துல ஒரு தினாருக்கு மூணு டாலர் குடுத்தான். சண்டை வந்துச்சு, விழுந்துச்சு. மண்ணுக்கடியில எண்ணெய் அப்படியேதானே இருக்கு? ரேட்டை மாத்தப் போறாங்க. மாத்தினா இந்த ஒரு நோட்டு மாமா, நம்ம காசுக்கு ஐம்பது லட்சத்துக்கு மேல."

"எப்ப மாத்துவான்?"

"இந்த வருசம். தள்ளிப்போனா அடுத்த வருசம். குவைத்துல எங்க முதலாளி ஒரு பெட்டி வாங்கி வச்சிருக்கான். அவன் என்ன முட்டாளா?"

நியாயமான கேள்விதானே? முதலாளி முட்டாளா இருப்பானா?

நோட்டு நாலாயிரம்னான். பில்லு கேட்டேன். பில்லு போட்டா ரேட்டு வேற மாமான்னான். சொந்தக்காரன்கிட்ட பில்லு கேக்குறது எனக்கே ஒரு மாதிரியா இருந்துச்சு, விட்டுட்டேன். எட்டு லட்சத்துக்கும் எடுத்தேன். காலையில வெறும் மொய்ப்பணத்தோட போனவன், மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரும்போது ஐம்பது லட்சம் தினாரோட வந்தேன். எங்க வம்சத்துலயே அவ்வளவு பெரிய தொகையை எவனும் கையால தொட்டது கிடையாது.

விசாலாட்சி நோட்டுக் கட்டை வாங்கிப் பாத்தா. திருப்பிப் பாத்தா. மோந்துகூடப் பாத்தா.

"இதைக் குடுத்தா கடையில உப்பு குடுப்பானா?"

"உப்பு வாங்குறதுக்கு இல்லடி இது."

"பின்ன எதுக்கு?"

எதுக்காம்! அவ கேட்ட தோரணையைக் கேட்டிருக்கணும் நீங்க. மொய்ப்பணம் அஞ்சு வருசத்துக்கு நம்ம கையில, வட்டி இல்ல, கேக்க ஆள் இல்ல, அதுக்குள்ள தினார் ஏறிடும், ஒரே ஒரு நோட்டை மாத்தினா ஊரு மொய் பூராத்தையும் ரெண்டு பங்காத் திருப்பிடலாம், மிச்சத்துல தோப்பென்ன தோப்பு, தொண்டி வரைக்கும் வாங்கலாம்னு பொறுமையா எடுத்துச் சொன்னேன். எந்திரிச்சுப் போயி மாட்டுக்குத் தண்ணி காட்டினா. அதுதான் அவ பதில். எதுக்கெடுத்தாலும் மாட்டுக்குத் தண்ணி காட்டுவா.

ஒரு வாரம் போச்சு. அப்புறம் சொன்னா, "ஒண்ணே ஒண்ணை மாத்திக் காட்டுங்க. நான் வாயை மூடிக்கிறேன்."

திருச்சிக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். வெளிநாட்டுக் காசு மாத்துற கடை, கண்ணாடிக் கதவு, ஏசி. உள்ள ஒரு பொண்ணு. ஒரு நோட்டை நீட்டினேன். அதை எப்படிப் பிடிச்சாங்கிறீங்க? ரெண்டு விரல் நுனியில, செத்த ஓணானைப் பிடிக்கிற மாதிரி.

"ஐயா, இதை நாங்க வாங்குறதில்ல."

"ஏன்?"

"விக்கிறவங்கதான் வர்றாங்க, கேட்டு வாங்க ஆள் வர்றதில்ல. வாங்கி நாங்க என்ன பண்றது?"

"சும்மா விலை சொல்லும்மா."

"கணக்குப்படி பாத்தா ஆயிரத்து ஐந்நூறு பக்கம் வரும். ஆனா அந்த விலைக்கும் எடுக்க மாட்டோம். நீங்க எவ்வளவுக்கு வாங்கினீங்க?"

நான் சொல்லல. பக்கத்துல நின்ன மகராசி சொல்லிட்டா. "நாலாயிரம்."

அந்தப் பொண்ணு என்னைப் பாக்கவே இல்ல தம்பி. விசாலாட்சியைப் பாத்துத்தான் பேசினா, நான் அங்க இல்லாத மாதிரி. "அம்மா, ரேட்டு ஏறும்னு நம்பி வெளிநாட்டு நோட்டை இப்படி வாங்கி அடுக்கக் கூடாது. லைசென்ஸ் இல்லாதவங்ககிட்ட வாங்குறது சட்டப்படியும் தப்பு. இப்படி வர்றதுல பாதி நல்ல நோட்டா இல்லையான்னே எங்களால சொல்ல முடியாது. குடுத்தவர்கிட்டயே திருப்பிக் குடுத்துடப் பாருங்க."

அவளுக்கு வயசு என்ன, இருபத்தி மூணு இருக்குமா? எனக்குப் புத்தி சொல்றா. ஏசியில உட்கார்ந்துட்டா எல்லாருக்கும் ஞானம் வந்துடுது.

சேதுராசன்கிட்ட வந்து கேட்டேன். விழுந்து விழுந்து சிரிச்சான். "வாங்க மாட்டேன்னு சொன்னாளா? அதுக்கு என்ன அர்த்தம் மாமா? ஏறப் போவுதுன்னு அவங்களுக்குத் தெரியும். நம்மளைப் பயமுறுத்தி அடிமாட்டு விலைக்கு அமுக்கப் பாக்குறாங்க." எனக்கு அப்பதான் உயிர் வந்துச்சு. இதை வீட்டுல சொன்னா விசாலாட்சி கேக்குறா, "அமுக்கப் பாக்குறவ எந்த விலைக்கும் வேண்டாம்னு ஏன் சொல்றா?"

எதிர்ப்பேச்சு. வேற என்னத்தைச் சொல்ல?

அப்புறம் கொரோனா. விருந்தெல்லாம் நின்னுபோச்சு, மொய்யும் நின்னுபோச்சு. எனக்கு நல்லதாப் போச்சுன்னுதான் நினைச்சேன். சேதுராசன் ஒரு வாட்சப் குரூப் வச்சிருந்தான், தினார் சொந்தங்கள்னு. நூறு பேருக்கு மேல இருந்தோம். வியாழக்கிழமை ஆனா சேதி வரும். 'நாளை முக்கிய அறிவிப்பு. நோட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கவும்.' வெள்ளிக்கிழமை எங்களுக்குத் தீபாவளி. சனிக்கிழமை, 'சில காரணங்களால் தள்ளிப்போகிறது.' நாட்டு நிர்வாகம்னா சும்மாவா, தள்ளித்தான் போகும். பொறுமை இல்லாதவன்லாம் ஒவ்வொருத்தனா வெளியேறிட்டான். இப்ப நாலு பேரு இருக்கோம். ஒருத்தரு போன தையில செத்துட்டாரு, ஆனா குரூப்புல இருக்காரு.

இப்ப வர்றேன் அடைக்கலம் கதைக்கு. அடைக்கலம் எங்க அக்கா புருசன். மச்சான் முறை. எங்க குடும்பத்து மானத்தை வாங்கின மனுசன் அவருதான்.

கொரோனா போன பிறகு அவருக்கு முறை வந்துச்சு. என் விருந்துல அவரு இருபதாயிரம் எழுதியிருந்தாரு. நான் திருப்பணும். பழசு இருபது, புதுசு குறைஞ்சது அஞ்சாவது வைக்கணும். கையில ரூபாயாப் பாத்தா பஸ்ஸுக்குத்தான் இருக்கு. ஆனா நோட்டு இருக்கே? யோசிச்சுப் பாருங்க தம்பி. பழசு இருபது, புதுசு அஞ்சு. கூட்டினா எவ்வளவு? இருபத்தஞ்சாயிரம். என் கையில இருக்கிற நோட்டு எவ்வளவு? இருபத்தஞ்சாயிரம். அளவெடுத்துச் செஞ்ச மாதிரி. அதுவும் நாளைக்கு ஐம்பது லட்சம் ஆகப்போற நோட்டு. கூடப் பொறந்தவளுக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப் போறேன்? மனசு நெறஞ்சுதான் கவர்ல வச்சேன். அக்காவை ஒரே நாள்ல கோடீஸ்வரி ஆக்குறோமேன்னு எனக்குக் கண்ணுகூடக் கலங்குச்சு.

இப்பல்லாம் விருந்துல பேங்குக்காரங்களே வந்து எண்ணுற மெஷினோட உட்கார்ந்துடுறாங்க. கள்ள நோட்டைப் பிடிக்கணுமாம். எழுதுறவரு பேரு கேட்டாரு, "மேலக்காடு வைரக்கண்ணு, இருபத்தஞ்சாயிரம்"னு சத்தமாத்தான் சொன்னேன். எழுதிட்டாரு. பக்கத்துல இருந்த பேங்குப் பையன் கவரைப் பிரிச்சு நோட்டை மெஷின்ல போட்டான். அது கீ கீன்னு கத்துச்சு. துப்புச்சு. மறுபடி போட்டான். மறுபடி கத்துச்சு. மைக்கு வேற பக்கத்துலயே இருந்துச்சு, பந்தல் பூரா கேட்டுச்சு. கறி வாளியோட போனவன் நின்னுட்டான்.

"சார், இது இந்தியா நோட்டு இல்ல."

"தெரியும். எழுதுங்க."

அடைக்கலம் மச்சான் வந்தாரு. நோட்டை வாங்கி வெளிச்சத்துல பிடிச்சாரு.

"என்ன மாப்ள இது?"

"தினார் மச்சான். வச்சிருங்க. உங்க பேரன் பேத்திக்கெல்லாம் ஆகும்."

"என் பேரனுக்கு இருக்கட்டும். நான் சமையக்காரருக்கு இப்பக் காசு குடுக்கணும்."

"ரேட்டு மாறினதும் தெரியும் மச்சான் என் அருமை."

அந்த மனுசன் அப்பவாவது மெதுவாப் பேசியிருக்கலாம். மைக்குக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டே சொன்னாரு, "யோவ், நான் உனக்குக் குடுத்தது ரூபாய். என் பொண்டாட்டி கம்மலை வச்சுக் குடுத்தது. புயல்ல விழுந்து கிடக்கானே கூடப் பொறந்தவன்னு குடுத்தது. நீ எனக்கு ஈராக்கைக் குடுக்குற?"

பந்தியில எவனோ சொன்னான், "விடுங்க அண்ணே, அடுத்த விருந்துக்குப் பேரீச்சம்பழம் குடுப்பாரு." சிரிச்சானுங்க பாருங்க! எங்க அக்கா மட்டும் சிரிக்கல. வந்து நோட்டை வாங்கி, மடிச்சு, என் சட்டைப் பையில வச்சா. "சாப்பிட்டுட்டுப் போடா"ன்னா. நான் சாப்பிடல. அன்னிக்கு வச்ச பேருதான் ஈராக்கு.

ஐம்பது லட்சத்தைத் தானமாக் குடுத்தவனை மைக்குல வச்சுக் கேவலப்படுத்தினவரு நல்லவரு. நான் கெட்டவன். இதுதான் உலகம்.

அதுக்குப் பிறகு எந்த விருந்துக்குப் போனாலும் என் கவரைப் பிரிச்சுப் பாத்துட்டுத்தான் எழுதுறாங்க. அப்புறம் கூப்பிடுறதையே விட்டானுங்க. விசாலாட்சியைத்தான் கூப்பிட்டானுங்க. அவளும் போனா. மாடு ரெண்டையும் வித்தா. தேங்காய் நார் கம்பெனியில வேலைக்குச் சேந்தா. நாள் பூரா தூசி, வீட்டுக்கு வந்தா இருமல். மகளிர் குழுவுல கடன் வாங்கினா. முதல்ல அடைக்கலம் மச்சானுக்கு, அப்புறம் முறை வந்தவங்களுக்கெல்லாம் ஒவ்வொருத்தரா, என் பேரைச் சொல்லிப் பழைய மொய்யைக் கழிச்சுக்கிட்டே வந்தா. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தா ரேட்டு மாறிடும், எதுக்கு மாட்டை விக்கிறேன்னேன். கேக்கல. புருசன் மேல நம்பிக்கை இல்லாதவளுக்கு நாம என்ன சொல்ல முடியும்?

நீங்க ஏன் அடிக்கடி ஜன்னல் பக்கம் பாக்குறீங்க? பட்டுக்கோட்டைக்கு இன்னும் நேரம் இருக்கு. படிச்சிருக்கீங்களா? பி.காமா? அதான் மூஞ்சி இப்படிப் போகுது. உங்களுக்குப் புஸ்தகத்துல இருக்கிறதுதான் தெரியும். வேணும்னா ஒரு நோட்டு எடுத்துக்குங்க. நாலாயிரம், வாங்கின விலைதான், எனக்கு ஒரு பைசா லாபம் வேண்டாம். வேண்டாமா? சரி, விடுங்க. பின்னால வருத்தப்படாதீங்க.

இந்த வருசம் ஆடி எங்க முறை. இந்த மொய் வந்தாத்தான் தோப்பு. மரம் விழுந்த குழியில இப்பக் கோரைதான் முளைச்சிருக்கு. ஊரு கூடி எழுதினா கன்னு வைக்கலாம், எழுதலைன்னா செங்கச் சூளைக்காரன்தான். அவன் ஏற்கெனவே வந்து பாத்துட்டுப் போயிட்டான். நல்ல செம்மண்ணு, ஆள் ஒசரத்துக்கு வெட்டி எடுத்துக்கிறேன், ரொக்கம்னான். அவனைக் கூட்டிக்கிட்டு வந்தது நான்தான். மறைக்க என்ன இருக்கு? சேதுராசன் இப்பக் கடையைக் காலி பண்ணிட்டுத் திருச்சிக்குப் போயிட்டான். அங்கேயிருந்து போன் பண்ணினான். "மாமா, இப்ப நோட்டு ரெண்டாயிரத்து ஐந்நூறு. உங்களுக்காக வச்சிருக்கேன். இன்னும் கொஞ்சம் எடுத்தா பழைய விலையும் சேந்து சராசரியாக் குறைஞ்சுடும்." எவ்வளவு புத்திசாலித்தனம் பாருங்க. விலை இறங்கினதுக்கு ஊர்ல எவனாவது சந்தோசப்படுவானா? அவன் சந்தோசப்பட வச்சான்.

அந்த ரொக்கத்துக்கு நோட்டு எடுத்துடலாம்னு, விசாலாட்சிகிட்ட மண்ணை விக்கக் கையெழுத்துப் போடுன்னேன். அவ பேர்ல இருக்கு பாருங்க பத்திரம், அதான் தொல்லை.

"மண்ணை வெட்டிட்டா அப்புறம் கன்னை எங்க வைக்கிறது?"

"கன்னு எதுக்குடி? ரேட்டு மாறினா..."

"மாறட்டும். மாறின அன்னிக்கு நீங்க வேற தோப்பு வாங்கிக்குங்க. இது எங்க அப்பா குடுத்தது."

எங்க அப்பா! கல்யாணம் ஆகி இருபத்தெட்டு வருசம் கழிச்சு எங்க அப்பா! சூளைக்காரன் டிராக்டரைக் கொண்டுவந்து நிறுத்திட்டான், அட்வான்சு பத்தாயிரம் என் கையில. அவ என்ன செஞ்சா தெரியுமா? நார் கம்பெனிக்குப் போறப்ப தோப்பு வாசல்ல நின்னு, டிரைவர்கிட்ட, "தம்பி, பத்திரம் என்கிட்ட இருக்கு, ஒரு கூடை மண்ணு எடுத்தாலும் ஸ்டேஷனுக்குப் போவேன்"னு சொல்லிட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி பஸ் ஏறிப் போயிட்டா. அட்வான்சைத் திருப்பிக் குடுக்குறதுக்குள்ள நான் பட்ட அவமானம் இருக்கே.

போன ஞாயித்துக்கிழமை சின்னையன் வீட்டு விருந்து. தேங்காய்த் தரகர். எங்களுக்கு எழுதினவங்கள்ல அவருதான் பாக்கி. விசாலாட்சி என்னையும் வாங்கன்னா. முதல்முறையா அவளா கூப்பிட்டா. எனக்குக் கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சு. கடைசிப் பாக்கியைக் கழிக்கிற இடத்துல புருசன் பக்கத்துல இருக்கணும்னு நினைக்கிறா, என்ன இருந்தாலும் குடும்பத்துப் பொம்பளைன்னு நினைச்சேன். வேட்டியை அவளே தேச்சு வச்சிருந்தா.

நான் பந்தியில உட்கார்ந்தேன். பக்கத்து இலைக்காரன் தள்ளி உட்கார்ந்தான், உட்காரட்டும்னு விட்டுட்டேன். கறி வச்சாங்க. எனக்கு நேர் எதிர்ல மொய் எழுதுற மேசை. அவ போயி நின்னா. நார் கம்பெனிச் சம்பளம், நூறும் அம்பதுமா ஒரு கட்டு. மெஷின்ல ஓடுச்சு. ஒரு சத்தமும் வரல.

எழுதுறவரு மைக்குல சொன்னாரு, "மேலக்காடு வைரக்கண்ணு, பழைய மொய் கழிஞ்சுது." பந்தி பூரா என்னைத் திரும்பிப் பாத்துச்சு. நான் நிமிந்து உட்கார்ந்தேன். அந்த அடைக்கலமும் அங்கதான் இருந்தாரு, அவரும் பாத்தாரு. பாக்கட்டும். நல்லாப் பாக்கட்டும்.

"புதுசு எவ்வளவும்மா?" எழுதுறவரு கேட்டாரு.

அவ இடுப்புச் சுருக்குப் பையிலேர்ந்து இன்னொரு கட்டை எடுத்தா. "அஞ்சாயிரம். இதுக்குப் பேரு வேற. எழுதிக்குங்க. மேலக்காடு விசாலாட்சி."

"அண்ணன் பேர்லதானேம்மா..."

"அவுக கணக்கு முடிஞ்சு போச்சு. இது என் கணக்கு."

எழுதுறவரு சின்னையனைப் பாத்தாரு. சின்னையன் அடைக்கலத்தைப் பாத்தாரு. நான் இலையிலிருந்து எந்திரிக்க முடியுமா? கையில சோறு. "ஏய், விசாலாட்சி"ன்னேன். திரும்பல. அடைக்கலம் சொல்றாரு, "எழுதுங்கப்பா. குடுக்குறவங்க பேரைத்தானே எழுதணும்?" எங்க அக்கா அடுப்படிப் பக்கத்துலேர்ந்து வந்து அவ பக்கத்துல நின்னுக்கிட்டா. எழுதிட்டாரு தம்பி. மைக்குல வாசிச்சுட்டாரு.

அப்புறம் அவ துணிப்பையைத் தொறந்தா. மஞ்சள் தடவின பத்திரிகை, கட்டுக் கட்டா. எப்ப அடிச்சா, எங்க அடிச்சா, எனக்குத் தெரியாது. எங்க அக்கா தட்டுல வெத்திலை பாக்கோட பின்னாலயே வர, பந்தியில முதல் இலையிலேர்ந்து ஆரம்பிச்சா. ஒவ்வொருத்தர்கிட்டயும் குனிஞ்சு, "ஆடிப் பெருக்குக்கு அடுத்த ஞாயிறு, என் தோப்புல விருந்து. அவசியம் வந்துடணும்"னு சொல்லி இலை ஓரத்துல ஒரு பத்திரிகையை வச்சுக்கிட்டே வந்தா. அடைக்கலம் ரெண்டு கையாலயும் வாங்கினாரு. என்னைப் பாத்துத் தள்ளி உட்கார்ந்தானே, அவன் இடது கையைத் துடைச்சுக்கிட்டு வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டான். அடுத்தது நான். குனிஞ்சா. "ஆடிப் பெருக்குக்கு அடுத்த ஞாயிறு, என் தோப்புல விருந்து. அவசியம் வந்துடணும்"னா. என் இலை ஓரத்துலயும் ஒரு பத்திரிகையை வச்சுட்டு, அடுத்த இலைக்குப் போனா.